மறந்தாரை மறவாத அறம்



எம்பெருமான் திருவருளாலும் அம்பாளின் கருணையினாலும் இவ்வருட மகோற்சவம் ஆரம்பமாகும் இவ்வேளையில், மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இதனை எழுதுகிறேன். இந்தப் பக்கங்களில் தலமகிமையும் விரதமகிமையும் எழுதுவதே வழக்கம். இம்முறை முதுமையில் வரும் மறதி நோயைப் பற்றியும், அந்நோயாளரைத் தாங்கும் குடும்பங்களைப் பற்றியும், அவர்களுக்காகப் பாடுபடும் தரும ஸ்தாபனங்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். திருவிழா மலருக்கு இது என்ன பொருத்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நமது கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டு இடித்த வரலாறு யாவரும் அறிந்ததே. அப்பொழுது அடியார்கள் சில விக்கிரகங்களை எடுத்துச் சென்று மண்ணில் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் காலமானார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் காலமானார்கள். புதைத்த இடம் எதுவென்று ஊருக்கே மறந்து போயிற்று. 1950ஆம் ஆண்டில் கிணறு தோண்டியபோதுதான் அந்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1963இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. ஏறத்தாழ 330 வருடங்கள் ஊர் மறந்திருந்தது. ஊர் மறந்ததனால் மண்ணுக்குள் இருந்த சோமாஸ்கந்தர் சோமாஸ்கந்தர் அல்லாமற் போய்விட்டாரா? ஒருகாலும் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, பெற்ற மகளைப் பார்த்து “நீ ஆர் பிள்ளை?” என்று கேட்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். நாம் என்ன சொல்கிறோம்? “மனிசி இப்ப மனிசியே இல்லை” என்று சொல்கிறோம். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் நான்கும் அந்தக்கரணங்கள், அதாவது உட்கருவிகள். ஆன்மா இவற்றுள் ஒன்று அன்று என்று மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் நிறுவுகிறார். இவை ஆன்மாவுக்கு, அரசனுக்கு அமைச்சர் போன்றவை. அமைச்சர் படுக்கையில் விழுந்தால் அரசன் அரசனாக இல்லாமற் போவதில்லை. அவனுடைய கட்டளை வெளியே வராது, அவ்வளவுதான். நினைவு என்பது கருவி. கருவி பழுதாகும்போதும் ஆன்மா இருக்கிறது, அதற்கு உயிர்க்குயிராய் இறைவனும் நிற்கிறான். ஆகவே அந்தத் தாயை ஆள் இல்லாத வீடு போலப் பேசுவதும் நடத்துவதும் சைவருக்கு அடுக்காது.

இனி நோயைப் பற்றி. டிமென்ஷியா என்று வைத்தியர்கள் சொல்வது ஒரு நோயின் பெயர் அல்ல, பல நோய்களால் உண்டாகும் ஒரு நிலை. அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது அல்சைமர் நோய். அலோயிஸ் அல்சைமர் என்ற ஜேர்மன் வைத்தியர், மறதியாலும் குழப்பத்தாலும் வருந்தி இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஆராய்ந்து, அதிலே கண்ட படிவுகளையும் முடிச்சுகளையும் 1906ஆம் ஆண்டு ஒரு வைத்தியர் சபையில் எடுத்துரைத்தார். அதனாலேயே அவர் பெயர் வந்தது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் பழுதடைவதாலும் இந்நிலை உண்டாகும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நிறைந்த நம் வீடுகளில் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

ஆகவே இது செய்வினையும் அல்ல, குலதெய்வக் குற்றமும் அல்ல, பூர்வ ஜென்ம பாவமென்று பெயர் சூட்டி ஒரு குடும்பத்தைக் குத்திக்காட்ட வேண்டியதும் அல்ல. வினைக்கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்ளச் சொல்லப்பட்டது. அடுத்த வீட்டுக்காரரின் வினைக் கணக்கைப் பார்க்க நமக்கு அதிகாரம் இல்லை. இன்னொரு பக்கத்தில் “வயசு போனால் அப்படித்தான்” என்று விட்டுவிடுவதும் பிழை. தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. மரக்கறி உணவு மட்டும் உண்பவர்களுக்கு பி12 குறைய இடமுண்டு என்பதை நம் அடியார்கள் விசேடமாக அறிந்திருக்க வேண்டும். நூல் கட்டுவதானால் கட்டுங்கள், விபூதி போடுவதானால் போடுங்கள். அதோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு இந்நிலை இருப்பதாகக் கண்டது. 2012ஆம் ஆண்டுச் சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 12.4 வீதம். அதன்பின் அந்த வீதம் இன்னும் கூடிவிட்டது. பிள்ளைகளோ கனடாவிலும் லண்டனிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். உலக முழுவதும் ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற வசதி குறைந்த நாடுகளில் இருக்கிறார்கள்.

திருகோணமலையில் இந்த நோய்க்கு இன்னொரு கொடுமையும் உண்டு. அது பழைய நினைவுகளைக் கடைசியாகவே அழிக்கும். காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், பிறந்த வீட்டு முற்றத்து மாமரம் மறவாது. பின்னேரமானால் “வீட்டை போவம் வா” என்று பையைத் தூக்கிக்கொண்டு படலையில் நிற்பார்கள். எந்த வீட்டுக்குக் கூட்டிப் போவது? 1990இலோ 2006இலோ விட்டு ஓடிவந்த வீட்டுக்கு இன்று சுவரும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டியின் கணவர், 2004 சுனாமியில் போன மகனை “எங்கே இன்னும் காணேல்லை” என்று தினமும் தேடுவார். முதலில் அந்த அம்மா உண்மையைச் சொன்னார். கிழவர் அன்றுதான் செத்த வீடு என்பதுபோல் தலையில் அடித்து அழுதார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே அழுகை. இப்பொழுது அந்த அம்மா, “தம்பி கடலுக்குப் போனவன், வருவான், நீங்கள் முதல் சாப்பிடுங்கோ” என்கிறார். பொய்தானே என்று சிலர் குறை சொல்கிறார்கள். அந்த அம்மா தன் துக்கத்தைத் தானே விழுங்கிக்கொண்டு, கணவரைத் தினம் ஒரு மரணத்திலிருந்து காப்பாற்றுகிறார். இதைவிடப் பெரிய தவம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கோயிலுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் அவரை விட்டுவிட்டு வர ஆளில்லை.

இப்படிப்பட்டவர்களுக்குத் துணையாக நம் நாட்டில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் 2001 முதல் கொழும்பில் இயங்கி வருகிறது. நோயாளர் பகலில் வந்து பாட்டு, கைவேலை, உடற்பயிற்சி என்று பொழுதுபோக்க ஒரு நிலையம் நடத்துகிறார்கள். பராமரிப்பவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். இந்தியாவில் இதே பணிக்காக 1992இல் கேரளத்தில் ஒரு சங்கம் தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. இங்கிலாந்தில் அல்சைமர்ஸ் சொசைட்டி 1979 முதல் இருக்கிறது. ஆராய்ச்சிக்கென்றே அல்சைமர்ஸ் ரிசேர்ச் யூ.கே. என்ற தரும ஸ்தாபனமும் அங்கே உண்டு. லண்டனிலிருந்து திருவிழாவுக்கு உபயம் அனுப்பும் நம் பிள்ளைகள் இந்தப் பெயர்களையும் அறிந்திருப்பது நல்லது.

“ஆராய்ச்சிக்கு ஏன் காசு? அது வெள்ளைக்காரன் பார்த்துக்கொள்வான்” என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் இது. 1998இல் கொச்சியில் நடந்த மாநாட்டில் உருவான ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்கு ‘பத்து அறுபத்தாறு’ என்று பெயர். நோயாளரில் நூற்றுக்கு 66 பேர் வளர்முக நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானதே அவர்களைப் பற்றி நடக்கிறது என்ற குறையைச் சுட்டவே அந்தப் பெயர். பள்ளிக்கூடம் போகாத கிழவியிடம் “நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழி” என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? நோய் இல்லாதவரும் நோயாளி ஆகிவிடுவார். இக்குழுவினர் சென்னை, வேலூர் உட்பட்ட இடங்களில் வேலை செய்து, படிப்பறிவு குறைந்தவர்களுக்கும் பொருந்தும் பரிசோதனை முறையை வகுத்தார்கள். வெள்ளைக்காரன் தன் தாய்க்குத்தான் பரிசோதனை செய்வான். நம் தாய்க்கு நாம்தான் செய்ய வேண்டும்.

ஆராய்ச்சி என்றால் மருந்து மட்டும் அல்ல. மருந்து விடயத்தில் இன்னும் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனிமாப் என்ற மருந்து, ஆரம்ப நிலையில் நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கிறதே தவிரக் குணமாக்குவதில்லை. விலையும் ஆபத்தும் அதிகம். ஆனால் கோவாவில் 81 குடும்பங்களிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். நோய் இன்னதென்று விளக்கி, கோபம் வந்தால் என்ன செய்வது, எப்படிக் குளிப்பாட்டுவது என்று அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பராமரிப்பவர்களின் மனவேதனை குறைந்தது. பெரிய கட்டடமும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம். இது நம் ஊரில் முடியாத காரியமா?

கோயில் பணத்தை வைத்தியத்துக்குக் கொடுப்பது மரபல்ல என்று சொல்வோரும் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. பெருமாள் கோயிலோடு சேர்ந்து 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது ஆஸ்பத்திரி நடந்ததையும், வைத்தியருக்கும் பணிப்பெண்களுக்கும் கொடுத்த ஊதியத்தையும், இருப்பில் வைத்த மருந்துகளையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மரபு என்றால் அதுவும் மரபுதான். நடமாடும் கோயிலாகிய அடியாருக்குக் கொடுப்பது இறைவனுக்குச் சேரும் என்பது திருமூலர் உபதேசம்.

கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முப்பது வருடத்துக்கு மேல் கந்தோரில் பற்றுச்சீட்டுகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வீதியில் பெட்டி குலுக்குகிறவரிடம் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஸ்தாபனம் பதிவு செய்யப்பட்டதா, கணக்காய்வு செய்த வருடாந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல ஸ்தாபனம் இந்தக் கேள்விக்குக் கோபிக்காது. அதோடு, தூரத்து ஸ்தாபனத்துக்குக் காசு அனுப்பிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரை மறக்கவும் வேண்டாம். ஒரு கிழமையில் இரண்டு மணித்தியாலம் அங்கே போய் இருந்தால், அந்த வீட்டு மகள் வந்து ஒரு அருச்சனை செய்துவிட்டுப் போவாள்.

பரிபாலன சபையில் நான் ஒரு பிரேரணை வைத்திருக்கிறேன். ஐந்தாம் திருவிழா மின்னலங்காரச் செலவில் பாதியைக் குறைத்து, ஒரு பங்கை மேற்சொன்ன கொழும்பு ஸ்தாபனத்துக்கு அனுப்புவது. மறு பங்கில், நம் ஊரில் நோயாளரைப் பராமரிக்கும் குடும்பங்களுக்குப் பெம்பர்ஸ், மருந்து, கிளினிக் போய்வர ஆட்டோக்கூலி கொடுப்பது. அவ்வாண்டு உபயகாரர் இருவர் சம்மதித்துவிட்டார்கள், ஒருவர் யோசிக்கிறார். அவர் யோசிப்பது நியாயமே, அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து நடக்கும் அலங்காரம் அது. தீர்த்தத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்கூட்டத்தில் இது எடுக்கப்படும். சம்மதிப்போரும் மறுப்போரும் வந்து பேச வேண்டும்.

பிரேரணை எப்படி முடிந்தாலும், இவ்வருடம் கொடியேற்றம் முதல் தெற்கு வாசல் பக்கத்தில் பாய் விரித்து நாலு கதிரையும் போட்டிருக்கும். மறதி நோயாளரைக் கூட்டி வருபவர்கள் அங்கே இருக்கலாம். மேளச் சத்தம் அங்கே குறைவு, எழும்பி வெளியே போகவும் இலகு. பூசை நடுவில் அவர்கள் பலத்துப் பேசினால் யாரும் திரும்பிப் பார்த்து “உஷ்” என்று சொல்ல வேண்டாம். தேவாரம் தொடங்கியதும் அவர்களைக் கவனியுங்கள். தன் பெயரை மறந்தவரும் சிறு வயதில் பாடமாக்கிய பதிகத்தைச் சேர்ந்து பாடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.