யார் கண்ணுக்கு எத்தனை மணி

மழை விட்ட மறுநாள் காலையில் கண்ணமங்கலத்துக்கு ஜவ்வாது மலை கிட்டே வந்துவிடும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் நின்று மேற்கே பார்த்தால் பாறைப் பிளவுகளும் மரங்களின் பச்சையும் தனித்தனியாகத் தெரியும். சாப்பாட்டுக்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று தோன்றும். அதே மலை அக்னி நட்சத்திரத்தின்போது பின்வாங்கிவிடும். வெளுத்த நீலத்தில், வேறு ஏதோ ஜில்லாவின் மலையைப் போல ஒதுங்கிக் கிடக்கும்.

மலை நகரவில்லை என்பது தெரியும். தெரிந்தும் கண் கேட்பதில்லை. காற்றில் தூசியும் புகைமூட்டமும் இருக்கும்போது தொலைவில் உள்ளவை வெளுத்து நீலம் பாரிக்கும். சிறு வயதிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்து, வெளுத்திருந்தால் தூரம், துலக்கமாக இருந்தால் பக்கம் என்று மூளை ஒரு கணக்கைப் படித்து வைத்திருக்கிறது. யாரும் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை என்பதால் அது பாடம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. மழை காற்றைக் கழுவிவிட்ட காலையில்தான் கணக்கு வெளியே தெரிகிறது. நாம் மலையைப் பார்க்கவில்லை, மலையைப் பற்றி ஊகம் செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போது புரிகிறது.

பார்த்தேன் என்று சொல்லும்போது நமக்கு வரும் உறுதி எனக்குச் சற்று அச்சம் தரும் விஷயம். நீதிமன்றத்தில், பஞ்சாயத்தில், அதைவிட அதிகமாகக் குடும்பத்தில், "நான் என் கண்ணால பார்த்தேன்" என்பதற்கு மேல் வாதம் கிடையாது. அந்தக் கண் எப்படிப் பழகிய கண் என்று யாரும் கேட்பதில்லை.

பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இதே மலைத்தொடரின் மேற்குப் பக்கம் இருக்கிறார்கள். ஆலங்காயத்துக்கு மேலே உள்ள காவலூர் வானாய்வகத்தை 1960-களின் கடைசியில் வானியலாளர் வேணு பாப்பு அமைத்தார். சந்தன மரங்கள் இருந்த காடு, ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு, தெற்கு வானம் நன்றாகத் தெரியும் அட்சரேகை என்று பார்த்துத் தேர்ந்த இடம். பின்னர் அங்கே எழுந்த 2.3 மீட்டர் தொலைநோக்கியைக் கண்ணால் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் 1982-ல் இறந்தார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்.

தொலைநோக்கி இல்லாமலேயே அந்த இருட்டு நம் கண்ணைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால் முதலில் பெரிய நட்சத்திரங்கள் மட்டும் தெரியும். கால் மணி, அரை மணி என்று போகப் போகத்தான் மற்றவை வரும். வானத்தில் எதுவும் மாறவில்லை. நம் விழித்திரையில் வெளிச்சத்தால் வெளுத்துப்போன நிறமி திரும்ப ஊறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் யாராவது செல்போனைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டினால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. மிக மங்கலான நட்சத்திரத்தை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றே ஓரமாகப் பார்த்தால் தெரியும். விழித்திரையின் நட்டநடுவில் இருட்டில் வேலை செய்யும் செல்கள் இல்லை. நட்சத்திரம் பார்ப்பவர்கள் இந்த ஓரப் பார்வையைப் பழகித்தான் கற்றுக்கொள்கிறார்கள். முதல் நாள் அந்த நட்சத்திரம் இல்லை என்று சத்தியம் செய்பவர் மாதக்கணக்கில் பழகிய பிறகு இருக்கிறது என்பார். இரண்டு நாளும் அவர் பொய் சொல்லவில்லை.

காவலூரின் பூர்வீகம் சென்னை. நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மதராஸ் வானாய்வகம்தான் கோடைக்கானல் போய், பிறகு இங்கே கிளை விட்டது. நுங்கம்பாக்கத்தில் 1861 முதல் 1891 வரை அரசு வானியலாளராக இருந்த நார்மன் போக்சன், இந்தியா வருவதற்கு முன்பே, 1856-ல், இன்றும் உலகம் பயன்படுத்தும் ஓர் அளவுகோலைக் கொடுத்திருந்தார். பழைய கிரேக்கர்கள் நட்சத்திரங்களை வெறும் கண்ணால் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். போக்சன் சொன்னது, முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி நூறு மடங்கு வித்தியாசப்படுவதாக வைத்துக்கொள்ளலாம் என்பது. அப்படியானால் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கண்ணுக்கோ எல்லாப் படியும் ஒரே உயரம். வெளியே ஒளி பெருக்கலில் ஏறுகிறது, உள்ளே அது கூட்டலாகப் பதிகிறது.

இதே விஷயத்தை ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வேபர் 1830-களில் கையில் எடைகளைத் தூக்கவைத்துப் பார்த்தார். ஃபெக்னர் 1860-ல் அதற்குச் சூத்திரம் எழுதினார். உளவியல் அளக்கக்கூடிய படிப்பாக மாறத் தொடங்கியது அங்கேதான். ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது நமக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இந்த விதி உப்பு வடிவத்தில் குடியிருந்தது. வயது ஏற ஏற அப்பாவுக்கு எல்லாம் சப்பென்று இருந்தது. அம்மா ஒரு சிட்டிகை, பிறகு இன்னொரு சிட்டிகை என்று கூட்டிக்கொண்டே போனார். வீட்டிலேயே இருந்த தங்கையின் நாக்கு அதோடு சேர்ந்து ஏறியது. வெளியூரில் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டு லீவுக்கு வந்த எனக்குக் குழம்பு கரித்தது. "உனக்கு ஊர் மாறினதும் நாக்கு மாறிப்போச்சுண்ணா" என்பாள் தங்கை. நான் அவர்கள் நாக்குதான் செத்துவிட்டது என்பேன். பிற்பாடு ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். முதல் சில வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஓரிரு மாதத்தில் அந்தக் குறைந்த உப்பே எல்லாருக்கும் போதுமானதாகிவிட்டது. சரியான உப்பு என்று ஒன்று இருப்பதாக அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

நுங்கம்பாக்கத்தில் போக்சனிடம் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தெரியும் ஒரு மங்கலான நட்சத்திரம் தன் ஒளியைக் கூட்டிக் குறைக்கிறது என்று கண்டுபிடித்தார். ஓர் இரவில் கண்ட ஒளியை இன்னோர் இரவில் கண்டதோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். ரெட்டிகுலம் விண்மீன் தொகுதியில் ஆர் என்ற எழுத்தோடு அது இன்றும் பட்டியலில் இருக்கிறது. அவர் பெயரை நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பெரிதாக அச்சடித்திருக்கலாம். கண்ணை நம்பாமல் ஒப்பீட்டை நம்பிய மனிதர் அவர்.

எல்லா உதவியாளருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகத்தில் டேவிட் கின்னபுரூக் என்ற இளைஞர் இருந்தார். கடிகாரத்தின் டிக் டிக்கைக் காதால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கியில் கட்டிய மெல்லிய கம்பியை நட்சத்திரம் கடக்கும் நொடியைக் கண்ணால் பிடிப்பது அவர் வேலை. பத்தில் ஒரு வினாடி வரை சொல்ல வேண்டும். அவர் குறித்த நேரம் தலைவர் மாஸ்கெலின் குறித்ததைவிட முதலில் அரை வினாடி பிந்தியது. எச்சரித்த பிறகும் இடைவெளி கூடி, 0.8 வினாடியானது. வானியலில் அது சிறிய தொகை அல்ல. அந்த நேரத்துக்குள் பூமத்தியரேகையில் பூமி ஏறக்குறைய 370 மீட்டர் சுழன்றுவிடும். 1796-ல் கின்னபுரூக்குக்கு வேலை போனது.

இருபது ஆண்டுகள் கழித்து இதைப் படித்த பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளருக்கு உறுத்தியது. எச்சரிக்கப்பட்ட ஒரு மனிதர், வேலை போகும் என்று தெரிந்தும், ஏன் அதே பக்கமாகத் தவறிக்கொண்டே இருக்க வேண்டும்? தன்னையும் மற்றத் தேர்ந்த வானியலாளர்களையும் ஒரே நட்சத்திரங்களைப் பார்க்கவைத்து ஒப்பிட்டார். சிலரோடு அவருக்கு ஒரு வினாடிக்கும் மேல் வித்தியாசம் வந்தது. எல்லாரும் கெட்டிக்காரர்கள், கவனமானவர்கள். ஆனாலும் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் மனதுக்குள் ஒன்றுசேர ஆளாளுக்கு ஒரு நேரம் பிடித்தது. இதற்குப் பிறகு வானாய்வகங்கள் ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் கணக்கெடுத்துக் கழித்துக்கொள்ளத் தொடங்கின.

பெசல் செய்ததில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறொன்று. யாருடைய நேரம் உண்மை என்று அவர் சொல்லவே இல்லை. சொல்ல அவரிடம் வழியும் இல்லை. இரண்டு பேருக்கு இடையில் எவ்வளவு என்பதைத்தான் அளக்க முடிந்தது. வேலை நடக்க அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பா போன பிறகு எனக்கும் தங்கைக்கும் உப்பைவிடப் பெரிய தகராறு ஒன்று மிஞ்சியிருக்கிறது. எனக்கு அவர் கோபக்காரர். ஒன்பது மணிக்கு ரேடியோவை அணைப்பார், மார்க் ஷீட்டைப் பேசாமல் கீழே வைப்பார். தங்கைக்கு அவர் குரல் உயர்த்தாத மனிதர். எனக்கு எட்டு வயது இளையவள் அவள். நான் கண்டது கடன் அடைத்துக்கொண்டிருந்த அப்பாவை, அவள் கண்டது கடன் முடிந்த அப்பாவை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இருவரும் ஒரே திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாலைகளைப் பற்றியும் இதே வழக்கு உண்டு. அவர் ஒரு சொல் கடிந்தால், ஏற்கெனவே நிறையக் கேட்டிருந்த எனக்கு அது வழக்கமான ஒன்றாகப் போயிருக்க வேண்டும், அவளுக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். வேபர் அப்படித்தான் சொல்வார். நடந்தது நேர்மாறு. அடிபட்ட இடம் பழகி மரத்துப்போவதும் உண்டு, தொட்டாலே சுருக்கென்று ஆகிவிடுவதும் உண்டு. மனிதர்களுக்குள் எப்போது எது நடக்கும் என்பதற்கு ஃபெக்னரின் சூத்திரம் கைகொடுக்காது.

இப்போதெல்லாம் காவலூரில் கண்ணை வைத்து யாரும் கணக்கு எடுப்பதில்லை. ஒளியை உணரும் கருவிகள் எண்களாகத் தந்துவிடுகின்றன. எங்கள் திண்ணைக்கு அந்த வசதி இல்லை. போன முறை ஊருக்குப் போயிருந்தபோது தங்கையிடம் கின்னபுரூக் கதையைச் சொன்னேன். இரண்டு பேருமே சரியாக இருந்திருக்கலாம், நமக்குள் இருப்பது வித்தியாசம் மட்டும்தான் என்று கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகவே சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டவள் சற்று நேரம் பேசவில்லை.

"ஏண்ணா, வேல போனது அந்தப் பையனுக்குத்தானே? ரெண்டு பேரும் சரின்னா பெரியவருக்கு மட்டும் ஏன் போகல?" என்றாள்.