ஐம்பது ஆண்டுக்குப் பின் திறந்த புண்

1740-இல் இங்கிலாந்திலிருந்து போர்க்கப்பல்களோடு புறப்பட்ட ஜார்ஜ் ஆன்சனின் மாலுமிகளை, மறு ஆண்டு தென்னமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றும்போது ஸ்கர்வி நோய் கொத்துக்கொத்தாக வாரிக்கொண்டு போனது. 1748-இல் வெளிவந்த அந்தப் பயண நூலில் ஒரு முதியவரைப் பற்றிய செய்தி வருகிறது. 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரைப் போரில் அவர் பட்ட காயங்கள் எப்போதோ ஆறிவிட்டவை. ஐம்பது ஆண்டுகளாக வெறும் தழும்புகள். நோய் முற்றியபோது அவை ஆறவே ஆறாத புண்களைப் போல மறுபடி வாய் பிளந்தன.

எப்படி? காயம் பட்டதும் ரத்தம் உறைந்து பொருக்குத் தட்டுகிறது. வெள்ளணுக்கள் கிருமிகளையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. பிறகு சில செல்கள் கொலாஜன் என்னும் புரதத்தை இழையிழையாகச் சுரந்து பள்ளத்தை நிரப்புகின்றன. நல்ல தோலில் அந்த இழைகள் முடைந்த பாய்போல குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் பெரும்பாலும் ஒரே வாக்கில் படுத்துக் கிடக்கும். எப்படியாவது மூடியாக வேண்டும் என்ற அவசரம் உடலுக்கு. அதனால் பெரிய தழும்பில் முடி முளைப்பதில்லை, வியர்ப்பதும் இல்லை. ஓராண்டுக்கு மேலும் உள்ளே திருத்த வேலை நடந்தாலும், பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதத்தைத்தான் அது எட்டுகிறது.

அதற்குப் பிறகும் தழும்பு சும்மா இருப்பதில்லை. பழைய கொலாஜன் சிதைந்துகொண்டே இருக்கிறது, புதியது சேர்ந்துகொண்டே இருக்கிறது. சேர்வதற்கு வைட்டமின் சி வேண்டும். கப்பலில் அது தீர்ந்தது; அந்தக் குறைதான் ஸ்கர்வி. கட்டுகிற வேலை நின்றது, சிதைவு நிற்கவில்லை. யோசித்துப் பாருங்கள்: அந்த முதியவர் மறந்தே போயிருக்கக்கூடிய காயத்தை அவர் உடல் அரை நூற்றாண்டாக ஒருநாளும் விடாமல் ஆற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. புண் ஒருமுறை ஆறி முடிவதில்லை. உயிருள்ளவரை ஆறிக்கொண்டே இருக்கிறது.

தழும்புக்கான சிகிச்சையும் இதே பொறுமையைத்தான் கேட்கிறது. காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் கெலாய்டு, கருத்த தோலுள்ள நம்மவர்களுக்குக் காதுமடலிலும் மார்பிலும் தோளிலும் வருவது அதிகம். வெட்டியெடுப்பதோடு நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும். அதனால் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளிகளில் பலமுறை போடுகிறார்கள். சிலிகான் தகட்டை மாதக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும்.

தீக்காயத்தின் பாடு இன்னும் பெரிது. தழும்பு சுருங்கிச் சுருங்கிக் கழுத்தை மார்போடும் விரலை உள்ளங்கையோடும் இழுத்துப் பிடித்துவிடும். அதைத் தடுக்க நாளில் 23 மணி நேரம்வரை இறுக்கமான அழுத்த உடை, கூடவே வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் பயிற்சி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த உடையோடு ஒருவர் இருப்பதை நினைத்தாலே நெஞ்சு வலிக்கிறது.

தீக்காயம் பட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், “அதான் ஆறிடுச்சே” என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை அழைத்துப் போங்கள். விரல்களை நீட்டி மடக்கும் அந்த நேரத்தில் தினமும் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள்.