படிப்பும் பிழைப்பும்: நட்டம் யாரைச் சேரும்?

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் நாட்களில் நம் கடைத்தெருவில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. "பையனை என்ன படிக்க வைத்தால் பத்து காவானில் வேலை கிடைக்கும்?" என்பதே அது. கடை வாசலில் நின்று கேட்கிறார்கள். தேநீர்க் கடையில் கேட்கிறார்கள். கல்யாண விருந்தில் சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தும் கேட்கிறார்கள்.

என் நெடுநாள் நண்பர் ஒருவரும் இதே கேள்வியுடன் என்னிடம் வந்தார். முப்பது வருஷமாக ஜார்ஜ்டவுனில் கடை நடத்துபவர். அவருடைய மகனுக்கு வரலாறு படிக்க ஆசை. தகப்பனாருக்கோ அது சற்றும் பிடிக்கவில்லை. "வரலாறு படித்தவனுக்கு எந்தத் தொழிற்சாலையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்? மின்னணுப் பொறியியல் படித்தால் பாலத்தைத் தாண்டியதும் வேலை. பணம் போடுகிறவன் நான். சரக்கு எது என்று நான் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற சந்தேகம் எழுந்தது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நண்பர் கைகாட்டிய பத்து காவானைப் பார்ப்போம்.

இன்று அங்கே போகிறவர்கள் வியப்படையாமல் திரும்புவதில்லை. 2014-ல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் பத்து மவுங்கிலிருந்து நேரே அங்கே கொண்டுபோய் விடுகிறது. ஹோண்டா மோட்டார் சைக்கிள் செய்யும் பூன் சியூ தொழிற்சாலை, மைக்ரான், லாம் ரிசர்ச், போஷ் என்று உலகப் பெயர் பெற்ற கம்பெனிகள் வரிசையாக நிற்கின்றன. 2019-ல் ஐக்கியா கடையும் வந்தது. அதே ஆண்டில் செபராங் பிறை மாநகர் என்ற அந்தஸ்தும் பெற்றது. இதைக் கண்ட ஒரு தகப்பனார் தம் மகனுக்கு அங்கே ஓர் இடம் வேண்டும் என்று விரும்பினால் அதில் குற்றம் என்ன? ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அந்த மண்ணின் பழைய கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவான் கரும்புத் தோட்டம். அன்று அங்கே வெட்டவும் சுமக்கவும் நம் தமிழ்நாட்டு ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அக்காலத்திலேயே கரும்பு மங்கி ரப்பர் தலையெடுத்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. அதன் பிறகுதான் பினாங்கு வளர்ச்சிக் கழகம் அங்கே புதிய நகர் அமைத்தது. ஆக, ஒரே மண் நூற்றைம்பது வருஷங்களில் மூன்று தடவை தொழில் மாற்றிக் கொண்டது. ஒவ்வொரு தடவையும் "இனி இதுதான்" என்றே அன்றிருந்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

தோட்டம் வேறு, தொழிற்சாலை வேறு என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் தொழிற்சாலையின் கதையையே எடுத்துக் கொள்வோம். 1969-ல் ஜார்ஜ்டவுனின் சுங்கமில்லாத் துறைமுக உரிமை பறிபோனது. நம் கடைத்தெரு அன்று பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல் முதலிய கம்பெனிகள் வந்தன. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது பொறியியல் பட்டமா? இல்லை. ஓரளவு பள்ளிப் படிப்பும், கூர்மையான கண்ணும், நடுங்காத விரலும் உடைய இளம் பெண்கள்தாம் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்துத் தலைமுடியினும் மெல்லிய கம்பியைச் சில்லுடன் இணைப்பது அவர்கள் வேலை. அந்த வேலை தெரிந்தவர்களுக்குக் கிராக்கி இருந்தது. 1980-களில் அதே வேலையைத் தானே செய்யும் யந்திரம் வந்துவிட்டது. கைத்திறனுக்கு இருந்த கிராக்கி போய், யந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த நுட்பாளருக்குக் கிராக்கி வந்தது. அப்படிப்பட்டவர்கள் போதவில்லை என்று கம்பெனிகளே முன்னின்று 1989-ல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. இன்று அதே கம்பெனிகள் வடிவமைக்கும் பொறியாளர்களைத் தேடுகின்றன. 1985-ஐ ஒட்டியும் 2001-லும் மின்னணுத் தொழிலில் மந்தம் வந்தபோது ஆட்களை வீட்டுக்கு அனுப்பியதும் உண்டு.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. ஒரு பிள்ளை உழைக்கப் போவது நாற்பது வருஷம். ஒரு தொழிற்சாலை ஒரே வகை ஆளைத் தேடுவது பத்துப் பதினைந்து வருஷம். இன்றைய சந்தை விலையைப் பார்த்து நாற்பது வருஷத்துக்குச் சரக்கு வாங்கிக் குவிக்கும் வியாபாரி நம்மில் யாராவது உண்டா?

நம் தாயகத்தில் நடந்ததையும் மறக்கலாகாது. பொறியியல் படித்தால் போதும் என்று தமிழ்நாடு முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடியது. 500-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பிறகு பட்டதாரிகள் மலிந்தார்கள். 2010-களில் பல்லாயிரம் இடங்கள் சேர ஆளின்றிக் கிடந்தன. எல்லோரும் ஒரே சரக்கைக் கொள்முதல் செய்தால் விலை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலேசியாவின் நிலையும் அறியத் தக்கதே. புள்ளிவிவரத் துறையின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயர்கல்வி கற்று வேலையில் இருப்பவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தம் படிப்புக்குக் கீழ்ப்பட்ட வேலையையே பார்க்கிறார்கள். படித்த துறை ஒரு வாசலைத் திறக்கும் என்பது மெய். ஆனால் அந்த வாசலுக்குப் பின்னால் எந்த அறை இருக்கும் என்று பட்டச் சுருளில் எழுதியிருப்பதில்லை.

இப்படியெல்லாம் சொல்வதால், பிள்ளை விரும்பியதைப் படிக்கட்டும், பிழைப்பைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அது பொறுப்பற்ற பேச்சு. இன்று பெரும்பாலான பிள்ளைகள் பி.டி.பி.டி.என். கடனில் படிக்கிறார்கள். கடன் கடன்தான். அதைத் திருப்பிக் கட்டுவது கடமை. கையில் வருமானமில்லாதவன் அந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவான்? பள்ளிப் படிப்பு அதிகமில்லாத லோ பூன் சியூ ஒரு மெக்கானிக்காகத் தொடங்கிப் பெருஞ்செல்வரானார் என்று காட்டிச் சிலர் படிப்பே வேண்டாம் என்பார்கள். அவருடன் மெக்கானிக்காக இருந்து மெக்கானிக்காகவே மாண்டவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் பெயரைத் தாங்கிய தொழிற்சாலையே இன்று பத்து காவானில் படித்தவர்களைக் கொண்டு நடக்கிறது.

ஆகவே, எந்தத் துறை நல்ல துறை என்பதை இங்கே யாரும் தீர்த்துவிட முடியாது. தீர்க்க வேண்டிய கேள்வி வேறு. தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே அது. இது வெறும் பிழைப்பைப் பற்றிய கேள்வி அன்று. நியாயத்தைப் பற்றிய கேள்வி.

"பணம் போடுகிறவன் நான்" என்றார் என் நண்பர். நல்லது, வியாபார முறைப்படியே பேசுவோம். முளாரபா என்னும் பங்கு வியாபாரம் நமக்குத் தெரியாததல்ல. ஒருவர் முதல் போடுகிறார். மற்றவர் உழைப்பைப் போடுகிறார். லாபம் வந்தால் பேசியபடி பங்கு. நட்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகிறது. உழைத்தவருக்கு உழைப்பு போகிறது. முதல் போட்டவர் தொடக்கத்திலேயே நிபந்தனை சொல்லலாம். இன்ன ஊருக்குப் போகாதே, இன்ன தொகைக்கு மேல் கடன் வாங்காதே எனலாம். ஆனால் தினமும் கல்லாவில் வந்து உட்கார்ந்து, இதை வாங்கு, அதை விற்காதே என்று கையைப் பிடிக்கக்கூடாது. ஏன்? உழைக்கிறவன் இழக்கப் போவது அவனுடைய நாட்களை. அவன் நாட்களுக்கு அவனே பொறுப்பாளி.

படிப்பிலும் அப்படியே. தகப்பன் இழப்பது சில ஆயிரம் ரிங்கிட். அதைப் பின்னால் சம்பாதித்துக் கொள்ளலாம். பிள்ளை இழப்பது இளமை. அது எந்தச் சந்தையிலும் திரும்ப வாங்கக் கிடைக்காது. பெரிய நட்டம் யாரைச் சேருமோ, கடைசி வார்த்தையும் அவரையே சேர வேண்டும். இதற்கு மாறாகச் செய்வது, நட்டத்தை ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதிகாரத்தை வேறொருவர் வைத்துக் கொள்வதாகும். அந்த ஒப்பந்தத்தை நாம் கடையில் ஏற்போமா?

இப்போது என் தகுதியைப் பற்றிச் சொல்கிறேன். என் மூத்த மகனுக்குப் பதினேழு வயதில் அவன் மாமாவின் நாசி கண்டார் கடை அடுப்படியிலேதான் மனம். மசாலா வறுக்கும் மணத்தைக் கொண்டே பக்குவம் சொல்வான். எனக்கு அது அவமானமாகப் பட்டது. "நான் கடையில் நின்றது போதும், நீயாவது சட்டை கசங்காத வேலை பார்" என்று சொல்லி மின்னணு டிப்ளோமாவில் சேர்த்தேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக் கொண்டேன். ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தான். கெட்ட பெயர் எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தது. கணக்கு முடித்து அனுப்பினார்கள். இப்போது மாமாவின் கடையில் அடுப்படியில் நிற்கிறான். தன்னைவிட வயதில் இளையவர்களிடம் பக்குவம் கேட்டுக் கற்கிறான்.

ஒரு நாள் அவனிடம், "உன் படிப்பு வீணாகிப் போச்சேப்பா" என்றேன். "படிப்பு வீணாகல அத்தா. அந்தச் சம்பளத்துலதான் தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு. ஆனா பதினோரு வருஷம் யாரோட கடையில நின்னேன்னுதான் எனக்கே தெரியல" என்றான். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் பையனைச் சமையல் படிக்க விட்டிருந்தால் அதிலும் நட்டம் வந்திருக்கலாமே" என்றார் நண்பர். வந்திருக்கலாம்தான். கடைகள் மூடுவதும் நாம் காணாததல்ல. அப்போது அவன் தன் நட்டத்தைத் தானே தாங்கியிருப்பான். என் நட்டத்தை அவன் தாங்கியிருக்க மாட்டான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அப்படியானால் தகப்பனுக்கு வேலையே இல்லையா? நிறைய உண்டு. சரக்கின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பது நேர்மையான வியாபாரியின் கடமை. அதுபோல ஒவ்வொரு படிப்பின் குறையையும் நிறையையும் விசாரித்துப் பிள்ளையின் முன் வைப்பது தகப்பனின் கடமை. அத்துறையில் படித்தவர்கள் நாலு பேரிடம் அழைத்துப் போய்ப் பேச விடலாம். எவ்வளவு பணம் தர முடியும், எத்தனை வருஷம் தர முடியும், கடனை யார் அடைப்பது என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லலாம். எத்துறைக்குப் போனாலும் கைகொடுக்கும் படிப்பைச் சிறு வயதிலிருந்தே வற்புறுத்தலாம். நம் முன்னோர்கள் ராமநாதபுரத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வெறுங்கையோடு இங்கே வந்து, மலாயும் ஹொக்கியனும் வாயில் பழகி, மனக்கணக்கைக் கூராக்கி, சொன்ன சொல் தவறாமல் நின்றார்கள். கரும்புக் காலத்திலும் அதற்கு மதிப்பு இருந்தது. சில்லுக் காலத்திலும் இருக்கிறது. பாஷை, கணக்கு, நாணயம் ஆகிய மூன்றையும் எந்த யந்திரமும் இதுவரை வீட்டுக்கு அனுப்பவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவியவர்கள் வியாபாரிகள். தங்கள் கடைக்குக் கணக்கெழுத ஆள் வேண்டும் என்று மட்டும் அவர்கள் நினைத்திருந்தால் ஒரு கணக்குப் பள்ளிக்கூடம் போதுமாயிருக்கும். அவர்கள் கலையும் விஞ்ஞானமும் கற்பிக்கும் கல்லூரியாகக் கட்டினார்கள். யார் பிள்ளை எதைப் படித்து என்னவாகப் போகிறான் என்பதைத் தங்கள் கையில் வைத்துக் கொள்ளவில்லை. கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கவும் ஒரு பெருந்தன்மை வேண்டும்.

என் நண்பர் முழு மனத்தோடு ஒப்புக் கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அன்றிரவு மகனுடன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாராம். தாம் தரக்கூடிய தொகையை எழுதி வைத்தாராம். பையன் தான் விரும்பும் படிப்பால் கிடைக்கக்கூடிய வேலைகளை விசாரித்து ஒரு வாரத்தில் எழுதிக் கொண்டுவந்தானாம். தகப்பனும் மகனும் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசியது அதுவே முதல் தடவை என்று அவருடைய வீட்டார் சொன்னார்கள்.

கடைசியில் பையன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். அதை நான் எழுதப் போவதில்லை. அது அவனுடைய கணக்கு.