மார்க்குக்காகச் செய்யும் தொண்டு

தொண்டுக்கு மார்க் போடலாமா என்ற கேள்விக்கு நம் விதிமுறைகள் எப்போதோ பதில் சொல்லிவிட்டன. போடலாம். எவ்வளவு என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதுகலை மருத்துவப் படிப்புக்கான விதிகளில், எளிதில் போய்ச்சேர முடியாத, கடினமான பகுதிகளில் வேலை பார்க்கும் அரசு மருத்துவருக்கு ஊக்க மதிப்பெண் உண்டு. வருஷத்துக்கு, அவர் நுழைவுத்தேர்வில் எடுத்த மதிப்பெண்ணில் 10 சதவீதம், அதிகபட்சம் 30. எந்த ஊரெல்லாம் ‘கடினமான பகுதி’ என்று 2017-இல் தமிழ்நாட்டில் நீதிமன்றம் வரை போய்ச் சண்டை நடந்தது.

அது சம்பள வேலை, தொண்டில்லை என்று சொல்லலாம். ஆனால் ஊருக்குள் இருக்க வாய்ப்புள்ள ஒருவர் மலைக்குப் போகிறார், போவதற்குக் காரணம் மார்க். நாம் பேச வேண்டிய விஷயம் அதில் முழுசாக இருக்கிறது. ராத்திரி பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டாக்டர் இருக்கிறாரா என்பதுதான் அவர்கள் கேள்வி. ஏன் இந்த மலைக்கு வந்தார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தத்துவத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1785-இல் இமானுவேல் காண்ட் ஒரு கடைக்காரரைப் பற்றி எழுதினார். விவரம் தெரியாத வாடிக்கையாளரிடமும் அவர் கூடுதல் விலை கேட்பதில்லை. குழந்தை வந்து வாங்கினாலும் அதே விலைதான். ஆனால் அப்படி இருந்தால்தான் வியாபாரம் நிலைக்கும் என்று கணக்குப் போட்டு அவர் நேர்மையாக இருக்கிறார் என்றால்? செயல் சரிதான், அதற்குத் தனியாக ஓர் அறமதிப்பு கிடையாது என்பது காண்ட்டின் தீர்ப்பு. படித்த காலத்தில் இந்தத் தீர்ப்பு எனக்கு அப்பழுக்கில்லாததாகத் தெரிந்தது. இப்போது அந்தக் குழந்தையின் பக்கம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. அதுக்கு சரியான விலைக்குச் சாமான் கிடைச்சுதே.

அக்கா மகள் பல் மருத்துவம் முடித்துவிட்டு, வெளிநாட்டில் பொது சுகாதாரம் படிக்க விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருக்கிறாள். இங்கே மருத்துவப் படிப்புக்கு நீட் மதிப்பெண் போதும், நீ யாருக்கு என்ன செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கிறார்கள். “மாமா, தர்மபுரியிலயே ஏதாவது பண்ணலாம்னு இருக்கேன். எது பண்ணா அப்ளிகேஷன்ல நல்லா வெயிட்டா இருக்கும்?” என்றாள். அதில் பாசாங்கு எதுவும் இல்லை. ஏழைகள் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டதாக அவள் சொல்லியிருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அவள் யோசித்து வைத்திருந்தது ஒரு பல் மருத்துவ முகாம். அரசுப் பள்ளி, ஒருநாள், முந்நூறு பிள்ளைகள், இலவச பிரஷ், பேனர், போட்டோ. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கும். நிலத்தடி நீரில் இருக்கிற ஃபுளோரைடு செய்கிற வேலை அது. பல் ஈறுக்குள் உருவாகிற வயசிலேயே உள்ளே ஏறிவிடுவதால், தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான். 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. ஒருநாள் முகாமில் அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது, உன் பல் மஞ்சள் என்று இன்னொருவர் வாயால் கேட்பதும் ஒரு பிரஷ்ஷும். விண்ணப்பத்தில் அது ‘முந்நூறு மாணவர்கள் பயனடைந்தனர்’ என்று ஏறும்.

சரி, நோக்கம் கெட்டுப்போனதால்தான் முகாம் இப்படி ஆகிறதா? அப்படியும் சொல்ல முடியாது. 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் பேசினார். அவர்கள் நல்லெண்ணத்தை அவர் சந்தேகிக்கவில்லை. நல்லெண்ணத்தோடு வருவதுதான் பிரச்சினை என்றார். வேடிக்கை பாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்று முடித்தார். நாம் இங்கே தேவையில்லை என்ற ஞானம் கடைசியில் அந்த மாணவர்களுக்கு வரலாம். அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் கிராமத்து ஜனங்கள் என்பது அவர் வாதம்.

காண்ட்டையும் இல்லிச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகிறது. கணக்குப் போட்டுச் செய்ததும் நல்லதாக முடியலாம், சுத்தமான மனசோடு செய்ததும் வீணாகலாம். அப்படியென்றால் நோக்கத்தை மட்டும் தோண்டிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. வேலை எப்போது முடிகிறது, அதை முடிவு செய்வது யார் என்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதியா, எதிரில் இருப்பவரின் தேவையா?

அரூர் பக்கம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. 1993-இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயசுக்குள் இறந்துகொண்டிருந்தன. பின்னாளில் அது 20 அளவுக்கு இறங்கியது. அதில் பெரிய பங்கு உள்ளூர்ப் பெண்களுக்கு உண்டு. மலைவாசிப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். கர்ப்பிணிக்கு என்ன சாப்பாடு, பிறந்த குழந்தையைக் குளிரில் எப்படி வைத்துக்கொள்வது, எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரணும் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னது அவர்கள்தான். இதையெல்லாம் ஒரு தடவை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த மாசமும் அதே ஆள் வந்தால்தான் கேட்பார்கள்.

எல்லாரும் முப்பது வருஷம் இருக்க முடியாதுதான். இன்னும் சின்னதாக ஒரு உதாரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு, 2021-இல், தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. படித்துவிட்டு ஊரில் இருந்த பெண்கள் சாயங்காலம் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நாளைக்கு ஒரு வேலைக்கு இது உதவும் என்ற நினைப்பு சிலருக்கு இருந்திருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும். ஒருநாள் அக்கா வரலைன்னா, ‘ஏன் வரல?’ என்று வீட்டுக்கே வந்து கேட்க அந்தப் பிள்ளைகள் இருந்தார்கள்.

தொண்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்த அளவுகோல்தான். நாம் போகாத நாளில் யாராவது வழியைப் பார்ப்பார்களா? முகாமுக்கு அப்படி யாரும் காத்திருப்பதில்லை. அதே பள்ளிக்கு வாரம் ஒருநாள் என்று ஒரு வருஷம் போனால் காத்திருப்பார்கள். பிள்ளைகள் வீட்டில் குடிப்பது போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா, குழாயில் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, வராத நாளில் என்ன செய்கிறார்கள் என்று எழுதி ஊராட்சிக்குக் கொண்டுபோகலாம். முகாமைவிட இதற்குப் போட்டோ குறைவு. ஆனால் பொது சுகாதாரம் என்று அவள் படிக்கப்போவது ஏறக்குறைய இதைத்தான்.

இதையும் விண்ணப்பத்தில் எழுதலாம், தாராளமாக எழுதலாம். எழுதும்போது ஒரு ஒழுங்கு மட்டும் வேண்டும். அந்தப் பிள்ளைகளைத் தன் கதையில் வரும் பாவப்பட்ட ஜீவன்களாக ஆக்கக்கூடாது. ‘அவர்கள் வாழ்க்கையை மாற்றினேன்’ என்று எழுதுவதைவிட, ‘அந்த ஊர்க் குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு’ என்று எழுதுவது நேர்மை. படிக்கிறவர் அதற்கு மார்க் போடலாம், போடாமலும் விடலாம். அடுத்த வாரம் பள்ளிக்குப் போக வேண்டியது அதனால் மாறப்போவதில்லை.