மேலே தனி ஆள், கீழே குடும்பம்

இரண்டு தம்பதிகளை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை. அவர்களுக்குப் பொருந்தும் விதிகள் நிஜம்.

முதல் ஜோடிக்கு சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலை. ஆளுக்கு வருடச் சம்பளம் 12.75 லட்சம். வீட்டுக்கு மொத்தம் 25.5 லட்சம் வருகிறது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் இவர்கள் கட்ட வேண்டிய வருமான வரி பூஜ்யம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 கழித்தால் ஆளுக்கு 12 லட்சம். 12 லட்சம் வரைக்கும் வரும் வரியை, அதிகபட்சம் 60,000 ரூபாயை, சட்டம் தள்ளுபடி செய்துவிடுகிறது.

இரண்டாவது ஜோடி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். அவர் டெய்லர், மாதம் 12,000. அவர் மனைவி செக்கிங், மாதம் 10,000. வருடத்துக்கு 2.64 லட்சம். தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு, மாதம் ஆயிரம் ரூபாய்க்கு, இந்த அம்மா விண்ணப்பிக்கிறார். தொடங்கியபோது அறிவித்த விதிப்படி, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவர்கள் 14,000 ரூபாய் கூடப் போய்விட்டார்கள். கிடைக்காது.

ஒரு வீட்டுக்கு இவ்வளவு, இன்னொரு வீட்டுக்கு இவ்வளவு என்ற தொகைக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். இரண்டு இடத்திலும் அரசு எப்படி எண்ணியது என்று மட்டும் பாருங்கள். ஓ.எம்.ஆர். வீட்டில் இரண்டு தனி மனிதர்களை எண்ணியது. திருப்பூர் வீட்டில் ஒரு குடும்பத்தை எண்ணியது. மேலே கூட்டவில்லை, கீழே கூட்டியது.

வரி என்றதும் பிசிராந்தையாரின் யானையைக் கூப்பிடுவது நம் வழக்கம். 2019 பட்ஜெட் உரையில்கூட அந்தப் புறநானூற்றுப் பாடல் வந்தது. அரசன் எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம் என்பது அந்தப் பாட்டின் கவலை. அதற்கு முன்னால் நிற்கும் ஒரு கேள்வி நம் பேச்சில் வருவதே இல்லை: யாரை ஓர் ஆளாக எண்ணுவது? ஒத்தவர்களை ஒத்தபடி நடத்துவதுதான் நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் யார் யாருக்கு ஒத்தவர் என்று சொல்ல, முதலில் எண்ணும் அலகு தெரிய வேண்டும். ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். உள்ளே போகும் டேட்டா எந்த அலகில் இருக்கிறது என்று முடிவாகிவிட்டால், அதற்குப் பிறகு எழுதும் இஃப்-எல்ஸ் எல்லாம் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவை.

வரியில் தனி ஆளை எண்ணுவது சரியா? ஒரே ஆள் 25.5 லட்சம் சம்பாதிக்கும் வீட்டில் கேட்டால் கோபப்படுவார்கள். அதே வருமானம், அதே வாடகை, அதே ஸ்கூல் ஃபீஸ், ஆனால் அவர் கட்ட வேண்டிய வரி செஸ் சேர்த்து 3,35,400 ரூபாய். பக்கத்து ஃப்ளாட்டில் பூஜ்யம். இது என்ன நியாயம் சார் என்பார்.

அதற்குப் பதில் இருக்கிறது. அவர் வீட்டில் இன்னொருவர் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார். சமையல், குழந்தை, வயதான மாமனாரின் மாத்திரை டப்பா, ட்யூஷன். இந்த உழைப்புக்கு மதிப்பு உண்டு, அதற்கு யாரும் வரி போடுவதில்லை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதில் பாதியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், மீதியை ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்கிறார்கள். ஆக இரண்டு வீடும் ஒத்த வீடுகள் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் முக்கியம். இருவர் வருமானத்தையும் கூட்டி வரி போட்டால், மனைவி சம்பாதிக்கும் முதல் ரூபாய்க்கே கணவனின் உச்ச வரிவிகிதம் விழும். ‘கிரெச்சுக்கும் ஆட்டோவுக்கும் போக என்னடி மிஞ்சும், பேசாம வீட்லயே இரு’ என்று சொல்ல வீட்டில் ஆள் ஏற்கெனவே தயாராக இருப்பார்கள். சட்டமும் அவர்களோடு சேர்ந்துகொள்ளும். பிரிட்டனில் 1990 வரை வரிச் சட்டம் மனைவியின் வருமானத்தைக் கணவனுடையதாகவே எண்ணியது. அதை மாற்றியபோது பெண் தன் பெயரில் வரி கட்டும் ஒரு தனி ஆள் ஆனாள். நம் வருமான வரிச் சட்டமும் பெண்ணைத் தனி ஆளாகப் பார்க்கிறது. நல்ல விஷயம், அப்படியே இருக்கட்டும்.

சரி, உதவித்தொகையில் குடும்பத்தை எண்ணுவது? அதற்கும் காரணம் உண்டு. தனி ஆளை மட்டும் பார்த்தால், மாதம் மூன்று லட்சம் சம்பாதிப்பவரின் மனைவிக்குச் சொந்த வருமானம் பூஜ்யம், அவரை ஏழை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே வீட்டில் இருப்பவர்களின் வசதியைச் சேர்த்துத்தான் அளக்க முடியும்.

இரண்டு காரணங்களும் நியாயமானவைதான். ஆனால் பெண் வேலைக்குப் போவதைச் சட்டம் தண்டிக்கக் கூடாது என்றோமே, அந்தக் காரணம் 12 லட்சத்தில் மட்டும் செல்லுபடியாகி 10,000 ரூபாய் சம்பளத்தில் காலாவதியாகிவிடுமா?

திருப்பூர் அம்மா வேலைக்குப் போவதற்கு முன் வீட்டு வருமானம் 1.44 லட்சம். வருடத்துக்கு 12,000 ரூபாய் உரிமைத் தொகை உண்டு. அவர் செக்கிங்குக்குப் போய் 1,20,000 சம்பாதித்தால், விதி எழுத்தில் உள்ளபடி அந்த 12,000 போய்விடும். சம்பாத்தியத்தில் சரியாகப் பத்து சதவீதம். வருமான வரி அட்டவணையில் பத்து சதவீதம் என்பது 8 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடையிலான வருமானத்துக்கு உரிய விகிதம். ஓ.எம்.ஆர். பெண்ணுக்கு அதுவும் தள்ளுபடியாகிவிட்டது. மாதம் பத்தாயிரம் வாங்குபவர் தன் சம்பளத்தில் பத்து சதவீதம் இழக்கிறார், மாதம் லட்சத்துக்கு மேல் வாங்குபவர் எதையும் இழக்கவில்லை. இரண்டும் வேறு வேறு அரசு, வேறு வேறு சட்டம் என்று சொல்லலாம். சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. வருமான வரியில் 12 லட்சக் கோட்டைக் கொஞ்சம் தாண்டியவரைச் சட்டம் எப்படி நடத்துகிறது தெரியுமா? வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் கணக்குப்படி வரி 61,500. பத்தாயிரம் கூடச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரம் தண்டமா என்று சட்டமே யோசித்து, மார்ஜினல் ரிலீஃப் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. கோட்டுக்கு மேலே எவ்வளவு போனாரோ அவ்வளவுதான் வரி, அதாவது 10,000, செஸ் தனி. மேலே ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கீழே சரிவு கிடையாது, நேராகப் பள்ளம். ஒரே ஆள் சம்பாதிக்கும் வீட்டில் மாதம் 20,500 வருகிறது என்று வையுங்கள். வருடத்துக்கு 2.46 லட்சம், உரிமைத் தொகை உண்டு. இ.எஸ்.ஐ.யும் உண்டு. 2017 ஜனவரியிலிருந்து அதன் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். அதற்குள் இருந்தால் தொழிலாளிக்கும் அவரை நம்பி இருப்பவர்களுக்கும் மருத்துவம், உடம்பு முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் ஒரு பங்கு. இப்போது கம்பெனி ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் போடுகிறது. 21,500. வருடத்துக்கு 2.58 லட்சம். உரிமைத் தொகைக்கான தகுதி போய்விட்டது. உயர்வு ஆயிரம், போனதும் ஆயிரம். இ.எஸ்.ஐ. ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிகிறவரை இழுத்துக்கொண்டு போகும், அதற்கப்புறம் வெளியே. 2.5 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 20,833. இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள், வேறு வேறு அலுவலகங்கள் வேறு வேறு காலத்தில் போட்ட கோடுகள். ஆனால் அந்த இடத்தில் நிற்பவருக்கு இன்கிரிமென்ட் என்பது நஷ்டம்.

இப்படி ஒரு பள்ளம் இருந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ‘சம்பளத்துல ஏத்தாதீங்கண்ணே, கையில குடுத்துருங்க’ என்று கேட்கலாம். ரேஷன் கார்டைப் பிரிக்கப் பார்க்கலாம். இதைச் செய்கிறவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஏமாற்றுக்காரர். தணிக்கையாளர் ஒருவரை வைத்து, வருமானத்தை இப்படிக் காட்டலாமா அப்படிக் காட்டலாமா என்று பார்ப்பதற்கு டாக்ஸ் பிளானிங் என்று பெயர். பொய் சொல்வதும் சட்டத்துக்குள் நின்று சலுகை தேடுவதும் ஒன்றில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே இருப்பவருக்குப் பொய் சொல்லாமலே தப்பிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது, கீழே இருப்பவருக்கு வைக்கவில்லை. நேர்மையாக இருப்பதற்கு அவர் கொடுக்க வேண்டிய விலை அதிகம்.

கீழேயும் ஒரு சரிவு போட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். பிரிட்டனின் யுனிவர்சல் கிரெடிட் அப்படித்தான். ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உதவி 55 பென்ஸ் குறையும், ஒரேயடியாக நிற்காது. கோடில் எழுதினால் ஒரே வரி. சிக்கல் டேட்டாவில். அங்கே சம்பள விவரம் மாதா மாதம் வரித்துறைக்குப் போய்விடுகிறது. இங்கே பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர், கட்டட வேலைக்குப் போகிறவர், தள்ளுவண்டிக்காரர் வருமானத்தை யார் மாதா மாதம் பதிவது? அதனால்தான் உரிமைத் தொகை விதிகளில் நன்செய் 5 ஏக்கர், கார், வருடத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு வழி பழக்கமானது: கோடே போடாமல் இருப்பது. 1997இல் ஒன்றிய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, இங்கே எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. 2021இல் வந்த மகளிர் இலவசப் பேருந்தில் கண்டக்டர் யாரிடமும் வீட்டுக்காரர் சம்பளம் என்ன என்று கேட்பதில்லை. ஏறினால் டிக்கெட். யாரும் தன்னை ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. பள்ளமும் இல்லை, ஏனென்றால் விளிம்பே இல்லை.

ஆயிரம் ரூபாயையும் அப்படிக் கொடுத்துவிடலாமா? சுமார் 2.2 கோடி ரேஷன் அட்டைகள். வருடத்துக்கு 26,000 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, வசதியானவர்களிடமிருந்து வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது பாடப்புத்தகப் பதில். ஆனால் சம்பளத்துக்கு வருமான வரி போடும் அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது. தொழில் வரிகூட ஆளுக்கு வருடம் 2,500 ரூபாய்க்கு மேல் போட அரசியலமைப்பு விடாது. கொடுக்கும் கை ஒன்று, எடுக்கும் கை இன்னொன்று.

‘நம்ம டாக்ஸ்லதான மச்சி எல்லாம்’ என்று ஆபீஸ் கேன்டீனில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். திருப்பூர் ஜோடி போன் ரீசார்ஜ் செய்தால் அவர்களும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள். இது பழைய பதில், பலரும் சொல்லியாயிற்று. நான் இன்னொன்றைச் சேர்ப்பேன்: 60,000 ரூபாய்த் தள்ளுபடி என்பது ஐந்து வருட உரிமைத் தொகை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பத்து வருடம். அதை வாங்க நாம் எந்த முகாமிலும் வரிசையில் நிற்கவில்லை, மின்சார பில்லைக் காட்டவில்லை, மனைவி சம்பளத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. நம்மை நம்பி, தனித் தனி ஆளாக மதித்து விட்டுவிட்டார்கள்.

மாநில அரசின் கைக்குள்ளேயே இருக்கும் சின்ன திருத்தம் ஒன்று உண்டு. இந்தத் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத் தொகை என்று வைத்தார்கள். பெண்கள் வீட்டில் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலைக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. நல்ல வார்த்தை, அதன் பொருளை முழுசாக எடுத்துக்கொள்வோம். செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நிற்பதால் அந்த அம்மா சமைப்பதை நிறுத்திவிடவில்லை, காலையில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிடவில்லை. வீட்டு வேலையை அங்கீகரிக்கும் தொகையை, அவர் வெளி வேலையும் சேர்த்துப் பார்க்கிறார் என்பதற்காக மறுப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

ஆகவே குடும்ப வருமானத்தைக் கணக்கிடும்போது, விண்ணப்பிக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியத்தில் முதல் ஒன்றரை லட்சத்தை விட்டுவிட்டு மற்றதைக் கூட்டட்டும். கார், நிலம், மின்சாரம் எல்லாம் விதியில் அப்படியே இருக்கட்டும். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் கூடும். மாதம் 10,000 சம்பாதிக்கும் திருப்பூர் அம்மாவுக்குப் பணம் வரும். அதைவிட, வருமான வரிச் சட்டம் ஓ.எம்.ஆர். பெண்ணுக்குச் செய்வதை, அவருடைய சம்பளம் அவருடையது என்று ஒப்புக்கொள்வதை, இவருக்கும் ஒரு அரசாணை செய்திருக்கும்.