அன்றாட மேசைக்கு ஒரு விரிப்பு



லயக் காம்பராவில் ஒரு மேசை இருந்தால் அதற்கு ஓய்வே கிடையாது. விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடுமுன் அம்மா சுடச்சுட ரொட்டித் தாச்சியை இறக்கி வைப்பது அதில்தான். பின்னேரம் பிள்ளை பாடம் எழுதுவதும், இரவில் பாடசாலை வெள்ளைச் சட்டையை அயன் பண்ணுவதும் அதே மேசையில்தான். ஜெபமாலை நேரத்தில் மாதா சுரூபமும் மெழுகுதிரியும் அதன்மேல் வந்து அமர்கின்றன.

நம் வீடுகள் பலவற்றில் அந்த மேசைக்கு இரண்டு விரிப்புகள் உண்டு. ஒன்று விளிம்பு கிழிந்த பிளாஸ்டிக் தாள். அது அன்றாடத்துக்கு. மற்றது, துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பழைய துவாயை வைத்து, அம்மாவோ பாட்டியோ கையால் தைத்தது. அது ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கும். சாமி வீடு மந்திரிக்க வருகிறார் என்றால் அது வெளியே வரும், மடிப்புக் கோடு கலையாமல், பூச்சி உருண்டை வாசத்தோடு. அந்த விரிப்பில் உங்கள் அன்பு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வருடத்தில் ஒருநாள் வரும் எனக்கு அந்த விரிப்பு என்றால், நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, கூடையின் பாரத்தைத் தலையில் தாங்கி, கால் ஓய்ந்து வந்து உட்காரும் அந்த அம்மாவுக்கு என்ன விரிப்பு? நல்லதெல்லாம் வருகிறவருக்கு, மிச்சம் நமக்கு என்று யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. பசியோடு தம்மைத் தேடி வந்த கூட்டத்தை அவர் புல்தரையில் அமரவைத்துப் பரிமாறினார். எல்லோரும் திருப்தியாகச் சாப்பிட்ட பிறகும், எதுவும் வீணாகக் கூடாது என்று எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. நம் மறைமாவட்டத்தின் தொடக்கமும் அந்த மனதோடுதான் நடந்தது. 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியில் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை அந்தப் பழைய, பெரிய மறைமாவட்டத்தை விட்டு, ஒன்றுமில்லாத இந்தப் புதிய மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பி வந்தார். நமக்கு மிச்சம் கொடுக்கப்படவில்லை.

நம் விரிப்பில் சேரும் துணித் துண்டுகள் எங்கிருந்து வருகின்றன என்று உங்களுக்குத் தெரியும். 1978 இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தொடங்கியது. 1992 இல் கிராமங்களுக்கென்று 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. நம் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் மலையிறங்கி கார்மென்ட்ஸுக்குப் போயிருக்கிறார்கள்! அங்கே வெட்டில் கழிந்த துணி கடைகளில் நிறுத்து விற்கப்படுகிறது. உங்கள் விரிப்பில் இருக்கும் நீலத் துண்டில் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையின் கண்விழிப்பும் சேர்ந்திருக்கிறது. அதை மறக்காமல் தையுங்கள்.

தைக்கத் தெரிந்தவர்கள் முதலில் செய்வது துணியை நனைப்பது. துவைக்காத புதுப் பருத்தித் துணியைப் பழைய துணியோடு சேர்த்தால், முதல் துவையலிலேயே புதியது சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழித்துவிடும். நம் ஆண்டவருக்கும் இது தெரிந்திருந்தது, மாற்கு நற்செய்தியில் அதைச் சொல்லியே போதிக்கிறார். நாசரேத்து வீட்டில் அன்னை ஒட்டுப் போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பார் என்று நினைக்க எனக்கு ஆசை. சிவப்புத் துணியைத் தனியே ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். சூடான சட்டி வைக்கிற மேசைக்குப் பருத்தி மட்டுமே ஆகும், பாலியெஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும். மேல் துணி, துவாய், அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போனால் அடித்துணி மடிந்து நிற்காது. கடைசியில் நான்கு பக்கமும் ஓரப்பட்டி. மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு இது பல வார வேலை.

யோப்பா நகரத்துத் தபித்தாவை நினைத்துப் பாருங்கள். திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் அவள் வருகிறாள். அவள் பேசிய ஒரு சொல்லைக்கூட லூக்கா எழுதி வைக்கவில்லை. அவள் இறந்து கிடந்தபோது கைம்பெண்கள் அழுதுகொண்டு பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களோடு இருந்த காலத்தில் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டினார்கள். பேதுரு முழந்தாளிட்டு மன்றாடினார். அவளைப் பெயர் சொல்லி அழைத்தார். அவள் எழுந்தாள். உங்கள் வீட்டில் இப்படித் தைத்துக் கொடுத்து, பேசாமலே காலத்தை ஓட்டிய ஒரு பாட்டி இருந்தால், அவள் கைத்தையலை ஆண்டவர் பார்த்திருக்கிறார்.

அந்த விரிப்பை அன்றாடம் விரித்தால் கறை படும் என்று பயப்படுகிறீர்கள். படும்தான். தேத்தண்ணி சிந்தினால் காயவிடாமல் உடனே தண்ணீரில் அலசுங்கள். மெழுகு விழுந்தால் இறுகியபின் சுரண்டி எடுத்து, மேலும் கீழும் தாள் வைத்து இளஞ்சூட்டில் அயன் பண்ணுங்கள். மஞ்சள் கறைதான் கொஞ்சம் மிரட்டும். சவர்க்காரம் பட்டதும் சிவந்து முன்னிலும் மோசமாகத் தெரியும். அதைப் பார்த்து விரிப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அலசி வெயிலில் போடுங்கள், வெளிச்சம் அந்த மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ஆடி ஆவணியில் ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை தரும் அந்த வரட்சிக் காற்றில் தடித்த விரிப்பும் உள் அடுக்குவரை காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் மட்டும் அடிக்கடி நனைக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். அந்த மாதங்களில் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டுக்கொண்டால் போதும்.

நம் மனதிலும் இப்படிச் சில கறைகளை மடித்துப் பூட்டி வைத்திருக்கிறோமா? கணவனிடம் சொன்ன ஒரு கடுஞ்சொல், அண்ணன் தம்பிக்குள் வருடக்கணக்கான பேச்சின்மை, குடித்துத் தொலைத்த சம்பளம். வெளியே எடுத்தால் இன்னும் சிவந்து தெரியும் என்ற வெட்கம். பயப்படாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். அவருடைய இரக்கத்தின் வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கிற கறை எதுவுமில்லை.

லயத்தில் பூசை வைக்கும்போது உங்கள் மேசைதான் எனக்குப் பீடம். உங்கள் விரிப்பின்மேல் வெள்ளைத் துகிலை விரிக்கிறேன், அதன்மேல் ஆண்டவர் வருகிறார். திருக்கிண்ணம் துடைத்த துணியை முதலில் அலசிய தண்ணீரைக்கூடக் கண்ட இடத்தில் கொட்டுவதில்லை, மண்ணில் மரியாதையாக ஊற்றுகிறோம். அடுத்த நாள் காலை அதே மேசையில் உங்கள் பிள்ளை ரொட்டி சாப்பிடுகிறது. அந்தச் சாப்பாட்டையும் அவர் அருகிலிருந்து பார்க்கிறார்.

2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து இறங்கியபோது, லயங்களோடு மேசைகளும் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. என்றைக்கோ உபயோகிக்கலாம் என்று பத்திரப்படுத்திய எத்தனையோ துணிகளும் அவற்றோடு போயிருக்கும். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தரையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். அவர்களை இன்றும் நம் மன்றாட்டில் சேர்த்துக்கொள்வோம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அந்த விரிப்பை எடுத்து இரவுச் சாப்பாட்டுக்கு விரியுங்கள். அடுத்த ஞாயிறு பூசைக்கு வரும்போது வீட்டில் கிடக்கும் பருத்தித் துண்டுகளைத் துவைத்துக் கொண்டுவாருங்கள். தைக்கத் தெரிந்த அக்காமார் பூசைக்குப் பிறகு சற்று நேரம் தங்கி, தங்கச்சிகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். முதல் விரிப்பு, கடைசி லயத்தில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் நம் முதியவர்களுக்குப் போகட்டும். அதை ஆள் விட்டு அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய் விரித்து, அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.