ஒன்றரை மடங்கு வேகம்

பூஜை லீவு நெருங்கினால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "சித்தப்பா, டிரெயின்ல கேக்க என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினால் சென்னை போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. கரக்பூர் தாண்டுவதற்குள் முறுக்கு டப்பா காலி. சில்கா ஏரியையும் தாண்டிவிட்டால், அப்புறம் காதுதான் துணை.

போன வருஷம் 'பொன்னியின் செல்வன்' ஒலிநூலைச் சொன்னேன். ஊருக்குப் போய்வந்த அண்ணன் மகன் பெருமையாகச் சொன்னான்: "முடிச்சுட்டேன் சித்தப்பா. ஒன்றரை ஸ்பீடுல வெச்சுக் கேட்டேன்."

"ஏம்ப்பா அவ்வளவு அவசரம்?"

"லிஸ்ட்ல இன்னும் பதினேழு இருக்கே!"

அந்தப் பதில் அன்று முழுக்க என்னை விடவில்லை. லீவு என்பதே அவசரம் இல்லாத நாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான் இருக்கும் கொல்கத்தா, கேட்பதற்கென்று வருஷத்தில் ஒரு விடியலையே ஒதுக்கி வைத்திருக்கும் ஊர். மகாளய அமாவாசையன்று நம் வீடுகளில் எள்ளும் தண்ணீரும் எடுத்து வைப்போம். வங்காளிகளும் அன்று கங்கைப் படித்துறைகளில் இறங்கித் தர்ப்பணம் செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால், விடிகாலை நாலு மணிக்கு, ரேடியோ. ஆகாசவாணியின் 'மகிஷாசுர மர்தினி'. 1930-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த நிகழ்ச்சி. எழுதியவர் பாணி குமார், இசை பங்கஜ் மல்லிக், தேவி மாகாத்மியம் என்கிற சண்டியை ஓதும் குரல் வீரேந்திர கிருஷ்ண பத்ரருடையது. பிராமணரல்லாத ஒருவர் சண்டி ஓதலாமா என்று அந்தக் காலத்தில் ஆட்சேபம் எழுந்ததாகச் சொல்வார்கள். இன்று அந்தக் குரல் இல்லாமல் இங்கே யாருக்கும் பூஜை வராது.

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம், சங்கு ஊதும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தேன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டு ஜன்னலில் ரேடியோ. அதற்கு அடுத்த வீட்டிலும் அதே குரல். பால்கனியில் நின்றால் சந்து முழுக்க ஒரே மனிதர் பேசுகிறார். எனக்கு வங்காளமும் தெரியாது, சண்டியும் தெரியாது. முடிவை நெருங்கும்போது அவர் குரல் தழுதழுத்தது மட்டும் புரிந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் துடைத்துக்கொள்வார் என்பது பின்னால் தெரிந்தது.

1976-இல் வானொலி நிலையத்தார் ஒரு மாற்றம் செய்து பார்த்தார்கள். பத்ரர் குரலுக்குப் பதில் திரை நாயகன் உத்தம் குமார், இசைக்கு ஹேமந்த முகர்ஜி. இருவரும் வங்காளம் கொண்டாடிய கலைஞர்கள். ஆனாலும் ஊர் கொதித்துப்போனது. பழைய ஒலிபரப்பையே திரும்பப் போட வேண்டியதாயிற்று. புதியதில் குறை இருந்ததா என்பதல்ல விஷயம். நாற்பது வருஷமாக ஒருவருடைய மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்துப் பழகிய காது, வேறு மூச்சை ஏற்க மறுத்துவிட்டது.

ரேடியோவில் வேகத்தைக் கூட்டும் பொத்தான் கிடையாது. பத்ரர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நாமும் நிற்க வேண்டும். கேட்பது என்றால் இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது: கொஞ்ச நேரத்துக்கு இன்னொருவருடைய நிதானத்திடம் நம்மை ஒப்படைப்பது. படிக்கும்போது வேகம் நம் கையில். கேட்கும்போது அதை விட்டுக்கொடுக்கிறோம். அந்த விட்டுக்கொடுத்தல்தான் ஓய்வு.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பிரசங்கியார் நாள்கணக்கில் சொல்ல, ஜனம் மரத்தடியில் உட்கார்ந்து கேட்கும். சீக்கிரம் முடியுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. கல்வி, கல்லாமை என்று இரண்டு அதிகாரம் சொன்ன வள்ளுவர், அடுத்த அதிகாரத்தைக் கேள்விக்குக் கொடுத்தார். எழுத்து எட்டாதவரையும் கைவிடாத ஏற்பாடு அது.

எழுத்து எட்டாமல் போனவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பெரியம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் பார்வை மங்கிவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது வாராவாரம் காத்திருந்து படித்தவர். ஒலிநூலைப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாளே சண்டை: "நந்தினி இப்படியாடா பேசுவா? குரல்ல இன்னும் விஷம் வேணும்." நான்காம் நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார்: "அந்தப் பொண்ணு வந்துட்டாளா? போடு." நடுநடுவே கையைத் தூக்கி "நிறுத்து" என்பார். நிறுத்துவேன். பத்திரிகை வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று நடந்த அடிதடியைச் சொல்வார். அரை மணி நேரக் கதை எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

அதனால் நிறுத்தும் பொத்தானைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடைவெளியில்தான் பெரியம்மாவின் கதை வந்தது. வேகப் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்காது.

சரி, இந்த லீவுக்கு என்ன கேட்கலாம்? பல குரல்கள் நாடகம்போல் நடிப்பதைக் கேட்க வேண்டுமென்றால் பாம்பே கண்ணன் தயாரித்த 'பொன்னியின் செல்வன்'. ஒரே குரல் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் வேண்டுமென்றால் தீபிகா அருணின் 'கதை ஓசை'. திருவண்ணாமலை பவா செல்லதுரை சொல்லும் சிறுகதைகளை யூடியூபில் கேளுங்கள். அவர் கதையை ஒப்பிப்பதில்லை, நடுவில் தன் ஊரையும் உள்ளே விடுகிறார். உலக இலக்கியம் பற்றி எஸ். ராமகிருஷ்ணன் ஆற்றிய உரைகள் ஓர் இரவுப் பயணத்துக்குத் தாங்கும். வங்காளம் காதில் ஏறியவர்களுக்கு, ரேடியோ மிர்ச்சியின் 'சண்டே சஸ்பென்ஸ்'. சத்யஜித் ராயின் ஃபெலுதாவாகச் சப்யசாசி சக்ரவர்த்தி பேசுவதைக் கேட்டால், படத்தில் பார்த்த முகம் தானே வந்து நிற்கும். மொழி தெரியாவிட்டாலும், ஒருமுறையாவது நாலு மணிக்கு எழுந்து பத்ரர்.

எல்லாவற்றையும் கேட்க வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால் இயர்போனைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரில் போடுங்கள். வேகம் ஒன்றிலேயே இருக்கட்டும். அவர் கையைத் தூக்கினால் நிறுத்துங்கள்.

பட்டியலில் பதினேழு மிச்சமிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும்.